"வெறும் வீட்டுக்கு முழு செட்" விளம்பரம்: கூலிம், பாடாங் செராய் பக்கம் புதிதாக வருகிறவர்கள் கவனத்துக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் ஹைடெக் பூங்கா என்ற தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற பலர் பாடாங் செராய், லூனாஸ் பக்கம் வீடு பார்க்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும், நடந்துபோகும் தூரத்தில் கோயில், தமிழில் பேசியே மளிகை வாங்கலாம். ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்படிப் புதிதாக வருகிறவர்களையே குறிவைத்து நடக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. முன்பு வேறு பெயரில் இருந்த கடைதான் அது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், அதனால் பெயர் தெரிந்தும் பயனில்லை. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே வெறும் வீடு என்றால் நிஜமாகவே வெறும் வீடு. கடைவரிசைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் வீடு, லிஃப்ட் கிடையாது. கூரையில் மின்விசிறிக்கு என்று இரண்டு வயர் தொங்கியது. பல்பு இல்லை, திரைச்சீலைக் கம்பி இல்லை, சமையலறையில் ஒரு சிங்க் மட்டும். மலேசியாவில் வீடு எடுக்கும்போது பொதுவாக இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை என்று சாவி கைக்கு வருவதற்குள் மூன்றரை மாதப் பணம் போய்விடும். முத்திரைக் கட்டணம் தனி. முதல் சம்பளம் வரும்வரை கையைக் கடிக்கும். சரியாக அந்த நேரத்தில் ஃபேஸ்புக்கில் அந்த விளம்பரம் வந்து நிற்கும்: கட்டில், மெத்தை, மூன்று கதவு அலமாரி, சோபா, சாப்பாட்டு மேசை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், எல்லாம் சேர்த்து 1,899 ரிங்கிட், டெலிவரி இலவசம்.

படத்தை மட்டும் நம்பிப் பணம் போடவில்லை, நேரில் போனோம். கடை இருந்தது, பொருளும் இருந்தது, நன்றாகவே இருந்தது. அலமாரியைத் தட்டிப் பார்த்தேன், கனமான மரம். "அசல் கெத்தா மரம் தம்பி, ஃபேக்டரில இருந்து நேரா வருது" என்றார் கடைக்காரர். கெத்தா என்றால் மலாயில் ரப்பர். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். "நாம தமிழாளுங்க, உங்கள ஏமாத்திட்டு நான் எங்க போவேன்?" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். 500 ரிங்கிட் முன்பணம், மீதி டெலிவரி அன்று. கடைக் கணக்கில் ஏதோ பிரச்சினையாம், ஒரு தனி ஆள் பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பச் சொன்னார். ரசீதில் "மூன்று கதவு அலமாரி – 1" என்று மட்டும் இருந்தது. மரமா அட்டையா, என்ன மாடல், புதிதா பழையதா, ஒன்றும் இல்லை. மோசடி முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. காட்சிக்கு வைத்திருப்பது ஒன்று, லோரியில் ஏற்றுவது இன்னொன்று. ரசீதுப்படி இரண்டும் "மூன்று கதவு அலமாரி"தான்.

மதியம் வரவேண்டிய லோரி இரவு ஒன்பதரைக்கு மழையோடு வந்தது. வந்த இரண்டு பேருக்கும் கடையைப் பற்றி எதுவும் தெரியாது, அவர்கள் தனி டெலிவரியாம். மீதிப் பணம் 1,399 கீழேயே கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். அப்புறம் படிக்கட்டைக் காட்டினார்கள். பெரிய சாமான் ஒவ்வொன்றுக்கும் மாடிக்கு 30 ரிங்கிட். ஐந்து சாமான், இரண்டு மாடி, 300 ரிங்கிட். இலவச டெலிவரி வாசல் வரைக்கும்தானாம். மறுத்தால் திரும்பிப் போவார்கள், முன்பணமும் போகும். கடைக்காரர் போனை எடுக்கவில்லை. பேசிப் பேசி 240க்கு இறங்கினார்கள். மழையும் இரவும் தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். வெளிச்சத்தில் யாரும் அந்த அலமாரியை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். அலமாரியின் பக்கவாட்டில் விரலால் ஒரு தட்டு, கீழே குனிந்து ஒரு பார்வை. "இது மரமே இல்ல லா தம்பி. அட்டை. மேல மரம் மாதிரி படம் ஒட்டி வச்சிருக்கான்" என்றார். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை, அதன்மேல் மரவரி அச்சடித்த காகிதம். ரப்பர் மரத்தில் பால் குறைந்ததும், சுமாராக இருபத்தைந்து முப்பது வயதில், வெட்டி மேசை நாற்காலி செய்ய அனுப்புகிறார்கள். வெளிர் மஞ்சளாக, கனமாக, நல்ல பொருள்தான். ஆனால் அறுத்த முனையைப் பார்த்தால் மரவரி அந்தப் பக்கமும் தொடர வேண்டும். எங்கள் அலமாரியின் முனையில் பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. இந்த ஊர் ஈரத்துக்கு அடிப்பலகை சீக்கிரமே உப்பிவிட்டது, கதவு மூடவில்லை.

அலமாரியைக்கூட மன்னிக்கலாம். மெத்தையை மன்னிக்கவே முடியாது. பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. படுத்த சில நாளில் என் மனைவியின் கை முழுக்க வரிசையாகத் தடிப்பு. கொசு என்றுதான் நினைத்தோம். ஓரத் தையலைப் பிரித்தால் புதுத் துணிக்கு அடியில் இன்னொரு பழைய துணி, மஞ்சள் கறை, துருப்பிடித்த ஸ்பிரிங், மூட்டைப்பூச்சி. யாரோ தூக்கிப் போட்ட மெத்தைக்குப் புதுச் சட்டை தைத்து விற்றிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜும் அதே வகை: பெயிண்ட் புதிது, உள்ளே இருந்தது கிழம். பிளக்கை வெட்டி வேறு பிளக் மாட்டியிருந்தார்கள், தரச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் ஸ்டிக்கர் எங்கும் இல்லை. மலேசியாவில் வீட்டு மின்சாதனங்களில் அந்த ஸ்டிக்கரைத் தேடிப் பாருங்கள். வாஷிங் மெஷின் மட்டும் இன்றுவரை ஓடுகிறது, எப்படி என்று தெரியவில்லை.

புகார் சொன்னபோது முதலில் "பாக்குறேன் தம்பி". அப்புறம் "டெலிவரிக்காரன் மாத்திட்டான், அவன்கிட்ட கேளுங்க". அப்புறம் ரசீதின் அடியில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற முத்திரையைப் படம் எடுத்து அனுப்பினார். அதற்கும் அப்புறம் என் எண்ணையே முடக்கிவிட்டார்.

அந்த முத்திரையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கும் காட்டிய மாதிரிக்கும் பொருந்த வேண்டும். கடைக்காரர் தானாக ஒரு முத்திரை குத்தி அந்த உரிமையை அழிக்க முடியாது. இதற்கென்றே பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்திலும் மனு கொடுக்கலாம். நான் பாஸ்போர்ட் எண்ணை எழுதித்தான் கொடுத்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்த்தரப்பின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும், ரசீதில் அது இல்லை. கடைப் பெயர்ப்பலகையில் பொடி எழுத்தில் இருந்த எஸ்எஸ்எம் (கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு ஆணையம்) பதிவு எண்ணைப் படம் எடுத்து வந்து அதை வைத்துத் தேடினேன். மலாய் தடுமாறினால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். 1969 முதல் இருக்கிறது, தமிழில் "பயனீட்டாளர் குரல்" இதழ் நடத்துபவர்கள்.

தீர்ப்பாயத்தின் விசாரணை நோட்டீஸ் போனதும், என்னை முடக்கியிருந்த கடைக்காரரின் எண்ணிலிருந்தே போன் வந்தது. "என்ன தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே முடிச்சிருப்பேனே!" மெத்தையையும் ஃப்ரிட்ஜையும் எடுத்துக்கொண்டு 650 ரிங்கிட் கொடுத்தார். அலமாரியும் படிக்கட்டுக் கூலியும் போனது போனதுதான்.

இப்போது வருகிறவர்களுக்குச் சொல்வேன்: முதல் மாதம் பாய், ஒரு ஸ்டாண்ட் ஃபேன், ஒரு அடுப்பு போதும். செட்டாக வாங்கவே வாங்காதீர்கள். ஏழு பொருளுக்கு ஒரே விலை போட்டால் எதில் எவ்வளவு ஏமாந்தோம் என்று கணக்கே போட முடியாது, திருப்பிக் கேட்கும்போதும் அதுவே அவர்களுக்குச் சாதகம். மெத்தையைப் பழையதாக வாங்க வேண்டாம். நாங்கள் பிறகு பினாங்கில் பத்து காவான் ஐகியா கடையில் மலிவான ஃபோம் மெத்தை ஒன்று வாங்கினோம். மேசை, அலமாரியெல்லாம் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் பொறியாளர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். அவர்கள் வீட்டிலேயே பகல் வெளிச்சத்தில் திறந்து பார்த்து வாங்கலாம். ரசீதில் பொருள் என்ன, எதனால் ஆனது, புதிதா, எத்தனையாவது மாடிவரை டெலிவரி என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் (Semak Mule) இணையத் தளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பணத்தை அனுப்பிவிட்டீர்கள், ஆளே வரவில்லை, கடையே இல்லை என்றால் அது வேறு வகை மோசடி. அதற்குத் தீர்ப்பாயத்துக்குக் காத்திருக்காமல் உடனே வங்கிக்கும், தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கும் போன் செய்யுங்கள்.

இன்னொன்று, கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. புகார் கொடுக்க வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை போனால் திறந்திருக்கும்.