பேசும் திரையா, தொட்டறியும் புள்ளியா?

பார்வையற்ற மாணவர் ஒருவர் வீட்டில் தாமே படிக்கவும் தம் வேலைகளைச் செய்துகொள்ளவும் துணைநிற்பவற்றுள் முதன்மையானவை மூன்று: கைபேசித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் டாக்பேக், கணினியில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ, விரலால் வாசிக்கும் பிரெய்லி. எந்த வேலைக்கு எது இருந்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டிய தேவை குறைகிறது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

அன்றாடக் காரியங்களில் டாக்பேக்கே முந்துகிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது முன்பே இருப்பதால் தனிச் செலவில்லை. விரல் பட்ட இடத்தில் இருப்பதைத் தமிழிலேயே படித்துக் காட்டும். இருமுறை தட்டினால் திறக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி ரூபாய்த் தாளின் மதிப்பை இணையமின்றியே சொல்லிவிடும், கள்ளத்தாளா என்பதை மட்டும் சொல்லாது. 2015இல் தொடங்கப்பட்ட 'பி மை ஐஸ்' செயலி வழியே மருந்துப் பட்டையைத் தன்னார்வலருக்குக் காணொளியில் காட்டிக் கேட்கலாம். வங்கிக் கடிதத்தை முன்பின் தெரியாதவரிடம் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீண்ட கட்டுரை எழுதவும் திருத்தவும் கைபேசி போதாது. அதற்கு விசைப்பலகை வேண்டும், என்விடிஏ வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2006இல் உருவாகத் தொடங்கிய இந்த மென்பொருள் இலவசமானது. பென்டிரைவில் வைத்துப் பிறர் கணினியிலும் இயக்கலாம் என்பதால், கட்டணம் கேட்கும் ஜாஸ் என்னும் இதே வகை மென்பொருளைவிட மாணவருக்கு இதுவே பொருத்தம் என்பேன். ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான தமிழ்ப் பாடக்குறிப்பைத் திறந்தால் இரண்டுமே பொருளற்ற எழுத்துக் குவியலைத்தான் படிக்கும். குறை கருவியுடையதன்று, கோப்பைத் தயாரித்தவருடையது.

கேட்டு மட்டுமே படிப்பவருக்கு எழுத்துப்பிழை ஒரு தீராத தொல்லை. 'அரை', 'அறை' என்னும் சொற்களைப் பேசும் குரலில் பிரித்தறிவது கடினம். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லியில் ரகரமும் றகரமும் விரலுக்கு வெவ்வேறு புள்ளிகளாகவே படும். வரிக்கு வரி புள்ளிகள் எழுந்து தாழும் மின்னணுப் பிரெய்லிக் கருவிகளோ பலவும் மடிக்கணினியைவிட விலை கூடியவை. எனவே தமிழ்ப் பாடத்துக்கேனும் காகிதப் பிரெய்லியைக் கைவிடக் கூடாது.

அடுப்படியில் இம்மூன்றையும்விட எளியது ஒன்று உண்டு. அடுப்புக் குமிழின் 'சிம்' நிலையில் ஒட்டிய மேடான புள்ளிக்கும், உப்பு டப்பாவில் மாட்டிய ரப்பர் பேண்டுக்கும் சார்ஜ் தேவையில்லை. ஈரக் கையாலும் தொட்டறியலாம்.