எஃபெக்ட்கள் உள்ளடங்கிய பேஸ் ஆம்ப்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பேஸ் கிட்டாருக்கென்று, ஒலியை மாற்றும் எஃபெக்ட்களோடு சேர்ந்து வரும் காம்போ ஆம்ப் (ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 100 வாட், 12 அங்குல ஸ்பீக்கர். உள்ளேயே கம்ப்ரஸர், கோரஸ் (ஒலியை இரட்டிப்பாக்கி அலைய வைப்பது), ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி தள்ளி அதே நோட்டைச் சேர்ப்பது), டிரைவ் (கரகரப்பூட்டுவது), ஆட்டோ வா எல்லாம் இருக்கின்றன. தனியாகப் பயிற்சி செய்யவும் அதுதான், குழுவோடு ஒத்திகைக்கும் அதுதான். எஃபெக்ட் பெடல்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் பவர் கொடுத்துத் திண்டாட வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. ஆனாலும் இந்த மாதிரி ஆம்ப் வாங்கியவர்களில் பலர், "எஃபெக்ட் எல்லாம் சும்மா பேருக்குத்தான்" என்று சீக்கிரமே சலித்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, பிரச்சினை பெரும்பாலும், உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் கெயின் நாபில்தான் தொடங்குகிறது.

என் ஆம்பில் கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் முதலில் கெயினுக்குப் போகிறது, அப்புறம் எஃபெக்ட், கடைசியில் மாஸ்டர் வால்யூம். கம்ப்ரஸர் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் ஒலியைத்தான் அமுக்கும். ஆட்டோ வா, நாம் கம்பியை எவ்வளவு பலமாக மீட்டுகிறோம் என்பதை வைத்துத்தான் திறக்கும். கெயின் குறைவாக இருந்தால் இரண்டும் அசையவே அசையாது. அளவுக்கு மீறி ஏற்றினால் கம்ப்ரஸர் எல்லா நோட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசிப்பின் உயிரை எடுத்துவிடும். வா எந்நேரமும் திறந்தே கிடக்கும்.

அதனால் புது இடத்தில் ஆம்பை வைத்ததும் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். பேஸ் (தாழ் ஒலி), மிட் (நடு ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) நாப்கள் மூன்றும் நடுவில். மாஸ்டர் கீழே. பிறகு கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, அன்றைக்கு எவ்வளவு பலமாக வாசிப்பேனோ அந்த அளவுக்கு வாசித்துக்கொண்டே கெயினை ஏற்றுவேன். சிக்னல் அளவு மீறுவதைக் காட்டும் கிளிப் விளக்கு மினுங்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கினால் போதும். கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிக்கப் போகிறவர்கள் ஸ்லாப் அடித்துத்தான் பார்க்க வேண்டும். விரலால் மீட்டி வைத்த கெயின், கட்டைவிரல் அடியில் கிழிந்துவிடும். ஆக்டிவ் கிட்டார் (உள்ளே பேட்டரியில் ஓடும் சுற்று உள்ளது) என்றால் ஆக்டிவ் இன்புட், அல்லது சிக்னலைக் குறைக்கும் பேட் சுவிட்ச். கிட்டாரை மாற்றினால் இந்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்வேன்.

பேஸ், மிட், ட்ரெபிளைச் சரிசெய்யும் ஈக்யூவில் சொல்ல அதிகமில்லை. நாலு கம்பி பேஸின் திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். இந்த அளவுப் பெட்டி அதை முழு பலத்தில் தராது. 82 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் வரும் ஹார்மோனிக்குகளைக் கேட்டு நம் காதுதான் அடிச்சுருதியை நிரப்பிக்கொள்கிறது. பேஸ் நாபை முழுக்கத் திருகினால் ஸ்பீக்கர் திணறுமே தவிர, குழுவுக்குள் ஒலி கேட்காது. மிட்டைக் கொஞ்சம் தூக்குங்கள், கேட்கும். அறையின் மூலையில் வைத்தால் ஆழ் ஒலி தானாகவே பெருகும் என்பதால், சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் நாபைத் தொடுவது நல்லது.

எஃபெக்ட்களில் கம்ப்ரஸரை வாசிக்கும்போது நான் அணைப்பதே இல்லை, மிதமான அளவில் எப்போதும் ஓடும். கோரஸ் மெதுவான பாட்டில், மேல் கம்பிகளில், துளி அளவு. டிரைவுக்கு பிளெண்ட் நாப் இருப்பது இந்த ஆம்பின் பெரிய பலம். சுத்தமான ஒலியைப் பாதிக்கு மேல் கலந்தால்தான் அடித்தளம் கலையாமல் நிற்கிறது. ஆக்டேவ்தான் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ஏ கம்பியின் நடுப்பகுதிக்குக் கீழே போனால் சுருதியைப் பிடிக்க முடியாமல் தடுமாறுகிறது. தாழ்ந்த நோட்டின் ஒவ்வொரு அலையும் நீளம் என்பதால் அதைக் கணிக்கக் கருவிக்கு நேரம் பிடிக்கிறது. ஒரே நேரத்தில் ஒரே நோட்டு, சுத்தமாக, மற்ற கம்பிகளைக் கையால் அடக்கி வாசித்தால் ஓரளவு கேட்கிறது.

இனி கோளாறுகள். ஒரு ஒத்திகையில் ஒலி திடீரென்று பாதியாகக் குறைந்தது, கரகரவென்று திரும்பி வந்தது, மறுபடி போனது. இப்படி ஏதாவது நடந்தால் கிட்டாரிலிருந்து ஸ்பீக்கரை நோக்கி ஒவ்வொரு கட்டமாகப் போவதுதான் என் வழக்கம். முதலில் வேறு கேபிள். அடுத்து வேறு கிட்டார். ஆக்டிவ் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இறங்கினாலும் ஒலி இப்படித்தான் பிசிறும்; கேபிளைச் செருகியே விட்டுவைத்தால் வாசிக்காதபோதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு இரண்டுமே சரியாக இருந்தன. பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப்பின் (வெளி எஃபெக்ட்களை இணைக்கும் இடம்) சென்ட், ரிட்டர்ன் ஜாக் இரண்டையும் ஒரு சின்னக் கேபிளால் இணைத்ததும் ஒலி முழுசாக வந்துவிட்டது. ரிட்டர்ன் ஜாக்கில் எதையும் செருகாதபோது சிக்னல் அதற்குள் இருக்கும் ஒரு சிறு தொடுமுனை வழியாகத்தான் கடக்கிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத அந்த முனையில் ஆக்சைடு படிந்திருந்தது. ஆம்பை அணைத்து, பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் கேபிளின் பிளக்கில் தடவி அந்த ஜாக்கில் சில தடவை செருகி எடுத்தேன். இன்றுவரை தொந்தரவு இல்லை. லூப்பைப் பயன்படுத்தாதவர்கள்கூட எப்போதாவது அந்த ஜாக்குகளில் ஒரு பிளக்கைச் செருகி எடுங்கள். பெட்டியைத் திறப்பது மட்டும் வேண்டாம், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இன்னொரு தொல்லை அதிர்வுச் சத்தம். ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைத் தொட்டால் மட்டும் எங்கோ "ஜர்ர்" என்றது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று முதலில் தோன்றும், ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒருவரை அந்த நோட்டையே விடாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு, முன்வலை, மூலைத் தகடு, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். கைப்பிடியை அழுத்தியதும் சத்தம் நின்றது. ஒரு திருகு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஹம் (விடாமல் கேட்கும் "ம்ம்" இரைச்சல்) வந்தால் முதலில் கிட்டார் வால்யூமை மூடிப் பாருங்கள். மூடியதும் நின்றால், அது கிட்டார் பிடித்துக் கொடுக்கும் ஹம். இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டார்களில் பலவற்றுக்கு இரண்டையும் சம அளவில் திறந்தாலே ஹம் அடங்கிவிடும். கம்பிகளைத் தொட்டதும் குறைவது இயல்பு.

மேடையில் டிஐ (ஆம்பிலிருந்து நேரடியாக வெளியே போகும் இணைப்பு) வழியாகப் பெரிய ஸ்பீக்கர் அமைப்போடு இணைக்கும்போது மட்டும் ஹம் கிளம்பினால் அது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளால் உருவாகும் கிரவுண்ட் லூப். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அழுத்துங்கள். பவர் பிளக்கின் எர்த் முனையை எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சின் அருகிலேயே ப்ரீ, போஸ்ட் என்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறது, அதையும் கவனியுங்கள். என் ஆம்பில் ப்ரீயில் வைத்தால் வெளியே போவது வெறும் கிட்டார் ஒலி. நமக்குப் பின்னால் ஆம்பில் கோரஸ் அழகாகச் சுழன்றுகொண்டிருக்கும், கூட்டத்துக்கு அது போய்ச் சேரவே சேராது. எஃபெக்டோடு வாசிக்கும் நாளில் நான் போஸ்டில் வைத்து, சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அளவு சரிபார்க்கும்போது இருப்பதிலேயே சத்தமான எஃபெக்டைப் போட்டு ஒரு முறை வாசித்துக் காட்டினால் அவர் தன் பக்கத்துக் கெயினை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.