டைவ் லாக் புக் பிரிண்ட் அடிச்சு வாங்குன கதை, வேலூர் லாங் பஜார் பக்கம்

ஊர் காட்பாடி, வேலை கடலுக்கடியில. பழைய துறைமுகம், மூழ்குன கப்பல்னு தேடுற டீமுக்கு முங்குறவன். ஒவ்வொரு தடவ முங்குனதையும் எழுதி வைக்கிற லாக் புக் தீர்ந்து போச்சு, லீவுல வந்தப்ப லாங் பஜார் பக்கம் ஒரு பைண்டிங் கடைல குடுத்தேன். அண்ணன் மாதிரிய பாத்துட்டு "இன்னா சார் இது, பாலாத்துலயே தண்ணி இல்ல, நீ எங்க போயி முங்குற"ன்னாரு, சிரிப்பு தாங்கல.

கேட்டது சிம்பிள்தான். தேதி, இடம், எறங்குன நேரம் ஏறுன நேரம், அதிகபட்ச ஆழம், சிலிண்டர்ல காத்தழுத்தம் ஆரம்பத்துல 200 பார்னா முடிவுல எத்தன, கூட முங்குனவர் யாரு, தண்ணி எவ்ளோ தூரம் தெளிவா தெரிஞ்சுது, கடைசில சூப்பர்வைசர் கையெழுத்து. ஆழம், நேரமெல்லாம் தானா பதியுற டைவ் கம்ப்யூட்டர் இருக்கேன்னு கேப்பீங்க, அதுல மெமரி ரொம்புனா பழசு அழிஞ்சிடும், அதுவும் தேடுற எடத்த கட்டம் கட்டமா பிரிச்சதுல எந்த கட்டத்துல எந்த கல்லு கெடந்துச்சுன்னு அதுக்கு இன்னா தெரியும், அத நாமதான் ஸ்லேட்டுல பென்சில்ல கிறுக்கிட்டு மேல வந்து ஒடனே ஏத்தணும், சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டா மறந்துடும்.

பேப்பர் கிழியாத பிளாஸ்டிக் பேப்பர், போட்ல தண்ணி தெறிச்சும் ஒண்ணும் ஆவல. ஆனா ஓரத்துல எடம் விடாம ஸ்பைரல் ஓட்டை போட்டுட்டாரு, தேதி எழுதுற எடம் பாதி போச்சு. ஜெல் பேனாவும் இழுவுது, பென்சில்தான் செட் ஆவுது. ஓட்டைய சொன்னதும் காசு வாங்காம வேற அடிச்சு குடுத்தாரு. அஞ்சுக்கு நாலு குடுக்கலாம்.