தனி செல்லோ பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்டது: பன்னிரண்டு வருட அனுபவம்

கேட்க ஆரம்பித்த முதல் வருடத்தில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனி செல்லோவுக்கு (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) எழுதிய ஆறு தொகுப்புகளுக்கு இரண்டு பதிவுகளை அருகருகே வைத்து நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஒன்று "நெருக்கமானது, இதமானது", மற்றது "கொஞ்சம் தள்ளி நிற்கிறது". சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே பதிவு. செல்லோ கலைஞர் பியர் ஃபூர்னியே 1960ல் வாசித்ததே இரண்டு வேறு அட்டைகளில் வந்திருக்கிறது. ஒன்றில் ஒலியளவு ஒரு பொட்டு கூடுதல், அவ்வளவுதான் விஷயம். அதைப் போய் இதம் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒப்பிடும் முன்னால் முதல் வேலை ஒலியளவைச் சமப்படுத்துவது. சத்தம் அதிகமாக இருப்பதை நம் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும், யாராக இருந்தாலும் இதுதான் கதை. இரண்டாவது, பெயரை மறைப்பது. தம்பியைப் பிளே பட்டன் பக்கம் உட்கார வைத்துவிட்டு நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். அப்படி ஒருநாள் ஐந்து பேரைக் கேட்டதில் முதலிடம் கொடுத்தது யானோஷ் ஸ்டார்க்கருக்கு, 1960களில் மெர்க்குரி இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட பதிவு. அதுவரை "வறட்சி" என்று நான் ஒதுக்கி வைத்திருந்தவர் அவர்.

ஒரு சின்னப் பிரச்சினை. இந்த ஆறு படைப்புகளின் வகைப்பெயரை (ஆங்கிலத்தில் suite) ஸ்வீட் என்று எழுதினால் இனிப்பாகிவிடுகிறது, சூட் என்றால் கோட்டு மாட்டிக்கொள்கிறது. அதனால் தொகுப்பு என்றே எழுதுகிறேன்.

சரி, ஒரே இசை ஏன் ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுகிறது? பாக் தன் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை என்பது பெரிய காரணம். கிடைத்திருப்பவை நகல்கள்: மனைவி அன்னா மக்டலேனா எழுதியது, கெல்னர் என்ற இசைஞர் எழுதியது, யார் எழுதினார்கள் என்றே தெரியாத இன்னும் இரண்டு. எந்தெந்த ஸ்வரங்களை ஒரே வில் இழுப்பில் சேர்க்க வேண்டும் என்பதில் இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. வாசிப்பவர் தானே முடிவெடுத்தாக வேண்டும். இதைக் காதால் தெரிந்துகொள்ள ஸ்டீவன் இஸ்ஸர்லிஸின் 2007 பதிவு வசதியானது. ஆறு தொகுப்புகளும் முடிந்தபின், முதல் தொகுப்பின் முன்னிசையை (தொடக்கப் பகுதி) மூன்று நகல்களின்படி தனித்தனியாக வாசித்துச் சேர்த்திருக்கிறார். எனக்கு இந்த விஷயம் புரிந்ததே அந்த மூன்று சிறு டிராக்குகளால்தான்.

முழு செட்டையும் இன்னொரு முழு செட்டோடு ஒப்பிட்டுக் கேட்பது எனக்குச் சரிப்படவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கடைசிக்கு வரும்போது முதலில் கேட்டது மறந்திருக்கும். இப்போது மூன்றே இடங்களை மட்டும் கேட்கிறேன்.

முதல் இடம், முதல் தொகுப்பின், எல்லோருக்கும் தெரிந்த அந்த ஜி மேஜர் முன்னிசை. ஒரே ஓட்டமாகப் போய்க்கொண்டிருப்பது ஏறக்குறைய பாதி வழியில் ஒரு ஸ்வரத்தில் நிற்கும். மொத்தம் 42 தாளக் கட்டங்கள், நிற்பது 22ஆவதில். எவ்வளவு நேரம் நிற்பது என்று குறிப்பில் இல்லை, நிற்கும் குறி மட்டும் உண்டு. சிலர் மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். சிலர் அந்த ஸ்வரம் தானாகத் தேய்ந்து போகும்வரை வில்லை எடுப்பதில்லை. சிலர் நின்றதே தெரியாமல் கடந்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஐந்து விநாடி கேட்டாலே, மீதியை எப்படி வாசிப்பார் என்று பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. டி மைனரில் அமைந்த இரண்டாம் தொகுப்பின் முன்னிசை முடிகிற இடம். அதுவரை ஒற்றை ஸ்வரமாகப் பேசிவந்த இசை, கடைசி ஐந்து கட்டங்களில் வெறும் நீண்ட கார்டுகளாகிவிடும், பல கம்பிகள் சேர்ந்து ஒலிப்பவை. செல்லோவின் குதிரை (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) வளைவானது, வில்லால் நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்க முடியாது, உடைத்துத்தான் வாசிக்க வேண்டும். எழுதியபடியே ஐந்து கார்டுகளையும் நிறுத்தி நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. "இது சுருக்கெழுத்து, விரித்துக்கொள்ளச் சொல்லித்தான் பாக் விட்டிருக்கிறார்" என்று அவற்றைச் சிறு சிறு ஸ்வரங்களாக ஓடவிடுகிறவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. அவ்வளவு பேச்சுக்குப் பிறகு அந்த ஐந்து கார்டுகளும் அடுத்தடுத்து வந்து உட்காரும் கனம், ஓடவிட்டால் போய்விடுகிறது. ஆனாலும் விரித்து வாசித்த ஒருவரைக் கேட்டு ஒரு மாதம் கட்சி மாறியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, ஐந்தாம் தொகுப்பின் சரபாந்த் என்ற மெதுவான நடனப் பகுதி. கார்டே கிடையாது. ஒற்றை வரி இறங்கிக்கொண்டே போகும். இங்கே இசையைவிட அறை அதிகம் கேட்கும். ரோஸ்ட்ரோபோவிச் 1991ல் பிரான்சின் வெஸ்லே பசிலிக்காவில் பதிந்ததில் கல் சுவரெல்லாம் சேர்ந்து வாசிக்கும். அதே இடத்தை நெருங்கிய மைக்கில் பதிந்தவர்களிடம் கேட்டால் விரல் கம்பியில் இறங்குவது, மூக்கால் விடுகிற மூச்சு எல்லாம் கிடைக்கும். ஹெட்ஃபோனில் எனக்கு இரண்டாவது வகை அலுப்புத் தட்டுகிறது, ஸ்பீக்கரில் பிடிக்கிறது. முன்னது நேர்மாறு.

செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் இந்தத் தொகுப்புகளின் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தவர், ஆறையும் ஒலிப்பதிவு செய்தது 1936க்கும் 1939க்கும் இடையில், அறுபது வயதை ஒட்டித்தான். மூலம் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகள், அதனால் இரைச்சல் உண்டு. இதில் நான் பணத்தை வீணாக்கியிருக்கிறேன். "இரைச்சல் முழுவதும் நீக்கப்பட்டது" என்று விளம்பரம் செய்த ஒரு வெளியீட்டை வாங்கினேன். இரைச்சல் போயிருந்தது, கூடவே வில் கம்பியில் உரசும் அந்தக் கரகரப்பும் போயிருந்தது. பஞ்சு சுற்றிய செல்லோ. அப்புறம் இரைச்சலை விட்டுவைத்த ஒரு பிரதியைத் தேடிப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் காது இரைச்சலைத் தள்ளிவிடுகிறது.

சுருதி விஷயத்திலும் ஏமாந்திருக்கிறேன். அன்னர் பில்ஸ்மாவின் 1979 பதிவைக் கேட்டுவிட்டு "இருண்ட தொனி" என்று எழுதியிருந்தேன். பழைய முறைப்படி 415 ஹெர்ட்ஸ் சுருதி, இன்றைய 440க்கு ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே. பீட்டர் விஸ்பெல்வேயின் மூன்றாவது பதிவு (2012) இன்னும் இறங்கி 392ல், அதாவது முழு ஸ்வரம் கீழே. தொனி இருண்டதில் பாதி இந்த இறக்கத்தால் வந்தது. இப்போதெல்லாம் சுருதி வேறாக இருந்தால் நடுவில் கால் மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் அடுத்ததைப் போடுகிறேன்.

தேடுவதுதான் இன்றைக்கும் எரிச்சல். நான் சந்தா கட்டும் ஸ்ட்ரீமிங் ஆப், பதிந்த வருடத்தைக் காட்டாமல் மறுவெளியீட்டு வருடத்தைக் காட்டுகிறது. யோ யோ மா இதே ஆறையும் மூன்று முறை பதிந்திருக்கிறார், 1983ல் ஒன்று, 90களில் ஒன்று, 2018ல் ஒன்று. ஆப்பில் பெயரைப் போட்டால் மூன்றும் கலந்து, நடுவில் யாரோ தொகுத்த "தூங்க உதவும் செல்லோ" வந்து நிற்கும். என் வழி, டிராக்குகளின் நேரத்தை விநாடி வரை நோட்டில் குறித்துக்கொள்வது. ஆறு டிராக்கின் நேரமும் பொருந்தினால் அட்டை எதுவாக இருந்தாலும் அதே பதிவுதான். ஃபூர்னியே கதை மறுபடி நடக்காமல் இருப்பது இதனால்.

பாக்கை விட்டு வெளியே வந்தால் ஒப்பிடும் வேலை குறைகிறது, கேட்கும் வேலை கூடுகிறது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் ரோஸ்ட்ரோபோவிச்சுக்காக எழுதிய மூன்று தொகுப்புகளில் முதலாவதை மட்டும்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய் 1915ல் எழுதிய தனி சொனாட்டா வேறு ரகம். கீழ் இரண்டு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறார், வாத்தியமே வேறாகிவிடுகிறது. இதிலும் ஸ்டார்க்கர்தான், பல தடவை பதிந்திருக்கிறார். 1948 பதிவு பிரான்சில் இசைத்தட்டுகளுக்கான கிராண்ட் பிரி பரிசு வாங்கியது. மூன்றாம் பகுதியில் அவர் போகிற வேகத்தை முதல் தடவை கேட்டபோது, ஆப் தவறுதலாக வேகத்தைக் கூட்டிவிட்டதோ என்று செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன்.