மோவானா: முதல் படமா, இரண்டாம் படமா?

2016-இல் வந்த டிஸ்னி அனிமேஷன் படமான மோவானாவையும் 2024 நவம்பரில் வந்த மோவானா 2-ஐயும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தோம். அலை, தலைமுடி, நிலா வெளிச்சம் என்று கண்ணுக்கு விருந்து வைப்பதில் இரண்டாவதுதான் கெட்டி. மனசு மட்டும் முதல் படத்தை விட்டு வர மாட்டேன் என்கிறது.

காரணம் அந்தக் குகைக் காட்சி. பவளத்திட்டைத் தாண்டவே கூடாது என்கிறார் தீவுத் தலைவரான மோவானாவின் அப்பா. தேங்காய் கருகுகிறது, மீன் அகப்படவில்லை. பாட்டி தாலாதான் பேத்தியைக் குகைக்கு அனுப்புகிறாள். உள்ளே முன்னோர்களின் பெரிய படகுகள். கடலோடிகளாக இருந்த ஒரு கூட்டம் ஏன் கரையோடு நின்றது? இது வெறும் கதையல்ல. பசிபிக் தீவுகளான சமோவா, டோங்கா வரை வந்த பாலினேசியக் கடலோடிகள் ஆயிரம் வருடங்களுக்கு மேல் கழித்தே கிழக்கே தாஹிட்டி பக்கம் போனதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் படமே நிற்கிறது.

முடிவைச் சொன்னால் தப்பில்லை, படம் பழசு. எரிமலை அரக்கி தே கா, இதயத்தைப் பறிகொடுத்த தீவுத் தெய்வம் தே ஃபிட்டியேதான். மோவானா அவளோடு சண்டை போடவில்லை. நீ யார் என்று எனக்குத் தெரியும் என்கிறாள், அவ்வளவுதான்.

இரண்டாவதில் புயல் கடவுள் நாலோ. மக்களைப் பிரிக்க ஒரு தீவையே மூழ்கடித்தவர், ஆனால் முகம் காட்டுவதே அபூர்வம். சண்டை முழுக்க மின்னலோடுதான். முதலில் தொடராகத் திட்டமிட்டு, அப்புறம் படமாக்கியது இது. தைத்த இடம் தெரிகிறது. லோட்டோ, மோனி, கேலே என்று படகில் ஆள் கூடியதும் மோவானா தனக்குள் போராட நேரமே இல்லை. கடைசியில் அவளுக்கும் தெய்வ சக்தி வந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. சாதாரணப் பெண்ணாக இருந்ததால்தானே அவளைப் பிடித்தது?

பாட்டிலும் வித்தியாசம் உண்டு. முதல் படத்துக்குப் பாட்டு எழுதியவர்களில் ஒபெட்டாயா ஃபோவாயி இரண்டிலும் இருக்கிறார். லின்-மானுவல் மிராண்டா இரண்டாவதில் இல்லை. காதுக்கு அது நன்றாகவே தெரிகிறது.

ஆனால் ஒன்று: குட்டித் தங்கை சிமேயாவை விட்டுப் பிரியும் காட்சிக்கு ஈடான ஒன்று முதல் படத்தில் இல்லை.

அப்புறம் பன்றிக்குட்டி பூவா. முதல் படத்தில் ஒருமுறை அலையில் புரண்டதோடு சரி, கரையிலேயே தங்கிவிடும். இரண்டாவதில்தான் நெடும்பயணத்துக்குப் படகேறுகிறது. எங்கள் வீட்டுச் சின்னவளின் ஓட்டு அதனாலேயே இரண்டாவதுக்குப் போனது.