வாடகைதாரர்களுடன் விற்பனைக்கு வந்த அலுவலகக் கட்டடம்: பங்கு வாங்குவதற்கு முன் நாங்கள் பார்த்தவை

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் ஒரு பிசினஸ் பார்க்கிலுள்ள நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தில் பங்கு வாங்கும் வாய்ப்பு, சொத்து முகவர் நிறுவனம் ஒன்றின் வழியாக எனக்கும் என் மைத்துனருக்கும் வந்தது. கட்டடத்தின் விலை 12 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் பாதியை வங்கிக் கடனாகப் பெற்று, மீதியை 250,000 வெள்ளிப் பங்குகளாகப் பிரித்து, ஒரு தனியார் நிறுவனத்தின் பெயரில் வாங்குவது திட்டம். 12 மாதங்களில் 50 பேருக்கு மேல் அழைக்காத இத்தகைய பங்கு விற்பனைக்கு முறையான விளக்க அறிக்கை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், எங்கள் கைக்குக் கிடைத்தது பளபளப்பான எட்டுப் பக்கக் கையேடு மட்டுமே. ஏறக்குறைய இரண்டு மாதம் அதை ஆராய்ந்தோம். இதுபோன்ற அழைப்பு வேறு குடும்பங்களுக்கும் வரக்கூடும் என்பதால், கண்டதையும் கணக்கிட்டதையும் எழுதி வைக்கிறேன்.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே 8 விழுக்காடு என்ற எண் பெரிய எழுத்தில் இருந்தது. ஆண்டு வாடகை 960,000 வெள்ளி, விலை 12 மில்லியன் வெள்ளி, எனவே 8 விழுக்காடு. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அந்த வாடகையிலிருந்து ஆண்டு மதிப்பின்மீது (ஓராண்டு வாடகை மதிப்பீட்டின்மீது) 10 விழுக்காடு சொத்து வரி, நில வாடகை, மின்தூக்கி மற்றும் குளிரூட்டும் இயந்திரப் பராமரிப்பு, காப்புறுதி, நிர்வாகக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தபோது எங்கள் கணக்கில் மிஞ்சியது ஏறக்குறைய 660,000 வெள்ளி, அதாவது 5.5 விழுக்காடு. இதுவும் மோசமில்லை என்றே முதலில் தோன்றியது.

சிக்கல் நிலத்தில் இருந்தது. சிங்கப்பூரின் பிசினஸ் பார்க் நிலங்களில் பெரும்பாலானவை அரசின் தொழில்துறை நில அமைப்பான ஜேடிசி கழகத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்றவை. இந்தக் கட்டடத்தின் நிலக் குத்தகையில் இன்னும் 26 ஆண்டுகளே எஞ்சியிருந்தன. 26ஆம் ஆண்டின் முடிவில் நிலம் கழகத்திடம் திரும்பிவிடும். நம் கையில் விற்பதற்கு எதுவும் இராது. ஆகவே ஆண்டுதோறும் வரும் 660,000 வெள்ளியில் பெரும்பகுதி லாபமன்று, நாம் போட்ட முதலே சிறுகச் சிறுகத் திரும்பி வருவது. விலையோடு முத்திரை வரியையும் சேர்த்து, 26 ஆண்டுகளும் வாடகை ஏறாமலும் இறங்காமலும் வருவதாக வைத்துக் கணக்கிட்டால், உண்மையான வருவாய் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 விழுக்காடு. ஊழியர்களின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கு இதே 2.5 விழுக்காட்டை எந்த அலைச்சலும் இல்லாமல் தருகிறது. மேலும், கடனுக்கு வங்கி கேட்ட வட்டி இதைவிட அதிகம் என்பதால், கடனின் அளவு கூடக் கூடப் பங்குதாரருக்கு மிஞ்சுவது குறையுமே தவிர வளராது. வாடகை ஏறினால் கணக்கு மாறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தை நம்பித்தான் முழு முதலீடும் நிற்கிறது என்பதைக் கையேடு எந்த இடத்திலும் சொல்லவில்லை. இந்த வாய்ப்பில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுவே. ஓய்வுக்காகச் சேமித்த பணத்தை எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் முதலையும் வருமானத்தையும் பிரித்துக் காட்டுவது விற்பவரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

முத்திரை வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியிருப்பு அல்லாத சொத்துக்குக் கூடுதல் முத்திரை வரி இல்லை என்பதை முகவர் பலமுறை எடுத்துச் சொன்னார், அது சரியே. ஆயினும் 2023 பிப்ரவரி 15 முதல் குடியிருப்பு அல்லாத சொத்துகளின் விலையில் 1.5 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு வாங்குவோர் முத்திரை வரி 5 விழுக்காடாக உயர்ந்துள்ளது. 12 மில்லியன் வெள்ளிக்கு அது 569,600 வெள்ளி ஆகிறது. விற்பவர் பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்தவராக இருந்ததால் விலைமேல் 9 விழுக்காடும் உண்டு. வாங்கும் நிறுவனமும் பதிவு செய்திருந்தால் அதைத் திரும்பக் கோரலாம், ஆனால் அதுவரை 1.08 மில்லியன் வெள்ளியைப் புரட்ட வேண்டும். தொழில்துறைச் சொத்து என்பதால், வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் 15, 10, 5 விழுக்காடு என்ற வரிசையில் விற்பனையாளர் முத்திரை வரியும் கட்ட வேண்டும். விற்பதற்கு ஜேடிசியின் ஒப்புதலும் தேவை. அவசரத்துக்குப் பணமாக்கக்கூடிய சொத்து அன்று இது.

கட்டடத்தை முதலில் ஒரு சனிக்கிழமை முகவருடன் சென்று பார்த்தோம். கண்ணாடி முகப்பு, துடைத்து வைத்த தரை, தாராளமான வாகன நிறுத்துமிடம் என்று எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் இருவர் மட்டும் போனோம். மின்தூக்கிக்கு அருகிலிருந்த பெயர்ப் பலகையில் 16 பட்டைகள். அவற்றில் ஐந்து வெறுமையாக இருந்தன. இரண்டில் உரித்தெடுத்த எழுத்துகளின் பசைத்தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. கையேடோ 92 விழுக்காடு நிரம்பிய கட்டடம் என்கிறது. கீழ்த்தளக் கேன்டீனில் நமது உணவு விற்கும் அம்மையாரிடம் தேநீர் வாங்கும்போது என் மைத்துனர் பேச்சுக் கொடுத்தார். "செவ்வாய், புதன், வியாழன்தான் கூட்டம், அண்ணே. மூணாவது மாடி ஆளுங்க போன வருசமே கிளம்பிட்டாங்க, மேசை நாற்காலி மட்டும் கெடக்கு," என்றார் அவர். காலியான பட்டைகளுக்கும் 92 விழுக்காட்டுக்கும் உள்ள முரண்பாடு அப்போதுதான் விளங்கியது. ஒப்பந்தம் முடியவில்லை என்பதால் வாடகை வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அங்கே வேலை செய்ய ஆள் இல்லை. ஒப்பந்தம் முடியும் நாளில் அந்த மாடிகள் காலியாகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

"மச்சான், இவங்க போனா வேற ஆள் வர மாட்டாங்களா?" என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பிசினஸ் பார்க் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையம் தனியாக வரையறுத்துள்ள நிலப் பயன்பாடு. ஆய்வு, மென்பொருள் உருவாக்கம், உயர்தொழில்நுட்ப உற்பத்தி போன்ற பணிகளுக்கே அங்கு முதலிடம். நகர மையத்திலுள்ள ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடத்தில் இடம் பிடிக்கும் வழக்கறிஞர் அலுவலகமோ பொது வர்த்தக நிறுவனமோ நினைத்த மாத்திரத்தில் இங்கே குடிவர முடியாது. வாடகைதாரரைத் தேடும் வட்டம் சிறியது. அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளும் ஒன்-நார்த், சாங்கி பிசினஸ் பார்க், சயன்ஸ் பார்க், மேப்பில்ட்ரீ பிசினஸ் சிட்டி ஆகிய இடங்களோடு போட்டி போட வேண்டும்.

வாடகை ஒப்பந்தங்களைக் காட்டும்படி மூன்று முறை கேட்ட பிறகே நகல்கள் வந்தன. மொத்த வாடகையில் 45 விழுக்காட்டைத் தரும் பெரிய வாடகைதாரரின் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் 14 மாதங்களே மீதமிருந்தன. ஆறு மாத முன்னறிவிப்புடன் இடையிலேயே வெளியேறும் உரிமையும் அவருக்கு இருந்தது. அதோடு, தொடக்கத்தில் நான்கு மாதம் வாடகையில்லாமல் இடம் கொடுத்திருக்கிறார்கள். 36 மாதத்தில் 32 மாதத்துக்குத்தான் பணம் என்றால், தாளில் எழுதிய வாடகையைவிட உண்மையில் வருவது 11 விழுக்காடு குறைவு. அடுத்து வருபவரும் இதே சலுகையைக் கேட்பார். 8 விழுக்காடு என்ற எண் இந்த நான்கு மாதத்தை அறியவே இல்லை.

இதே துறையில் பணம் போட விரும்புபவருக்கு இன்னொரு வழி பங்குச் சந்தையிலுள்ள ரீட்கள், அதாவது பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி வாடகையைப் பகிர்ந்தளிக்கும் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகள். 2002 நவம்பரில் பட்டியலிடப்பட்ட கேப்பிட்டாலேண்ட் அசெண்டாஸ் ரீட் இங்குள்ள பிசினஸ் பார்க் கட்டடங்கள் பலவற்றை வைத்திருக்கிறது. யூனிட் எனப்படும் அதன் பங்குகளை 100 யூனிட்டிலிருந்து வாங்கலாம், விரும்பிய நாளில் விற்கலாம். வரிச் சலுகைக்காக ரீட்கள் வரிக்குரிய வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது பகிர்ந்தளிக்கின்றன. தனிநபருக்கு அந்தப் பங்கீட்டின்மேல் பொதுவாக வரி இல்லை. கடன் அளவுக்கு 50 விழுக்காடு என்ற வரம்பைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் விதித்துள்ளது. அங்கும் நிலக் குத்தகை தேயத்தான் செய்கிறது, யூனிட் விலையும் வட்டி விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆனாலும் எத்தனை விழுக்காடு இடம் நிரம்பியுள்ளது, ஒப்பந்தங்கள் சராசரியாக எத்தனை ஆண்டு மீதம் உள்ளன, எந்த வாடகைதாரர் எவ்வளவு தருகிறார் என்பவை அறிக்கையில் அச்சாகி வருகின்றன. நாங்கள் மூன்று முறை கேட்டுப் பெற்ற தகவல் அங்கே யாருக்கும் திறந்து கிடக்கிறது.

பங்கு வேண்டாம் என்று முகவருக்கு எழுத்தில் தெரிவித்தோம். பேசிக்கொண்டிருந்த காலத்தில் இடத்தை ஒதுக்கிவைக்கக் கட்டிய 5,000 வெள்ளி முன்பணம், எந்தப் பிடித்தமும் இல்லாமல் ஒன்பதாம் நாள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. ஒதுக்கீட்டுப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஒப்பந்தங்களைப் படித்துத் திருப்தி அடையாவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை மைத்துனர் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார்; முகவரும் அதன் அருகில் சுருக்கொப்பம் இட்டிருந்தார்.