மூணு நாள் தாடியோட எழுதறேன்: லேசரும் பண்ணியாச்சு, எலக்ட்ரோலிசிஸும் பண்ணியாச்சு

முகத்து முடிய எடுக்கறதப் பத்தி ஃப்ரெண்ட் ஒருத்தி நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருந்தா. "நீ ரெண்டும் பண்ணிருக்கல்ல, நான் எதுக்குப் போகட்டும், ஒரே வார்த்தைல சொல்லுடி"ன்னு. ஒரே வார்த்தைல சொல்ற விஷயமா இது? பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு, சரி எழுதறதுதான் எழுதறோம் எல்லாருக்குமா எழுதிடுவோம்னு இங்க போடறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். இத எழுதற இந்த நிமிஷம் என் தாடைல மூணு நாள் முடி இருக்கு. நாளைக்கு எலக்ட்ரோலிசிஸ் சிட்டிங். அதுவரைக்கும் ப்ளக்கர், ரேசர் எதையும் தொடக்கூடாது. அதனால மூடு சரியில்ல, நான் யாரையாவது ரொம்பத் திட்டினா அந்தக் கணக்குல கழிச்சுக்கோங்க.

எனக்கு பிசிஓஎஸ்னு ஹார்மோன் பிரச்சினை. பத்தொம்பது வயசுலேர்ந்து மோவாய்லயும் தாடைக்கு அடியிலயும் கெட்டி கெட்டியா முடி. பூனைமுடி இல்ல, நிஜ தாடி முடி, தொட்டா குத்தற ரகம். ஹேண்ட்பேக்ல ஒரு ப்ளக்கர், ஆபீஸ் டிராயர்ல ஒண்ணு, வண்டி டிக்கில ஒண்ணு. வீட்டுக் கண்ணாடில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், வெளிய வந்து வண்டி கண்ணாடில வெயில் பட்டு பார்த்தா ஒரு தோட்டமே இருக்கும். இது இருக்கறவங்களுக்கு நான் விளக்கவே வேணாம்.

முதல்ல போனது லேசர். இல்ல, முதல்ல போனது லேசர்னு சொல்லி என்கிட்ட வித்த ஐபிஎல், அதாவது இன்டென்ஸ் பல்ஸ்டு லைட். அது லேசரே இல்ல, பல அலைநீளம் கலந்த ஒரு ஃப்ளாஷ் லைட், மாநிறத்துக்குக் கீழ இருக்கற தோல்ல அது முடியையும் பார்க்கும் தோலையும் பார்க்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது. ரெண்டு சிட்டிங்ல கன்னத்துல ரெண்டு பழுப்புத் திட்டு வந்துச்சு, அந்த இடம் பேரு வேணாம், காசு போனது போகட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட போனப்போ அவங்க பார்த்தவுடனே 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் உனக்குன்னு சொன்னாங்க. அது தோல் மேல இருக்கற நிறத்துல கம்மியா நின்னு ஆழமா போகும், கருப்புத் தோலுக்கு சேஃப். சிவப்பா இருக்கறவங்களுக்கு 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் நல்லா வேலை செய்யும், நம்ம கலருக்கு அத அடிச்சா சுட்டுடும். எது என்ன மெஷின்னு கேக்காம யாரும் படுக்காதீங்க.

லேசர் எப்படி வேலை செய்யுதுன்னு மண்டைல ஏறுறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. 1983-ல ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு பேர் எழுதின தத்துவம் அது. சரியான அலைநீளத்துல, சரியான கால அளவுக்கு வெளிச்சத்த விட்டா, சுத்தி இருக்கறது வேகாம குறி வச்சது மட்டும் சூடாகும். இங்க குறி, முடில இருக்கற மெலனின், அதாவது கருப்பு. அந்தச் சூடு வேர்க்கால் வரைக்கும் போய் அதப் பொசுக்கணும். அப்போ முடி கருப்பா இருக்கணும், வேரோட தொடர்புல வளர்ற கட்டத்துலயும் இருக்கணும். எல்லா முடியும் ஒரே நேரத்துல வளராது, அதான் திரும்பத் திரும்ப கூப்பிடறாங்க.

லேசர்ல நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒண்ணு, ஷேவ் பண்ணலாம்! பண்ணலாம் என்ன, பண்ணிட்டுத்தான் வரணும். பிடுங்கக் கூடாது, த்ரெட்டிங் கூடாது, வாக்சிங் கூடாது, ஏன்னா வேர் உள்ள இருந்தாத்தானே வெளிச்சம் பிடிக்க ஒரு ஆள் இருக்கும். ஆனா ரேசர் தினமும் போடலாம். பத்து வருஷமா "பொண்ணு முகத்துல ரேசர் போட்டா தடிமனா வரும்"னு கேட்டு பயந்தவ நான் (வராது, வெட்டின நுனி மொட்டையா இருக்கறதால அப்படித் தெரியும், அவ்ளோதான்). காலைல ரெண்டு நிமிஷம் ஷேவ், முகம் மொழுமொழுன்னு, கிளம்பிட வேண்டியதுதான். அந்த ஒண்ணரை வருஷம் என் வாழ்க்கைலயே கண்ணாடிய மறந்திருந்த காலம்.

அப்புறம் அந்த பன்னெண்டாம் நாள். முதல் என்டி யாக் முடிஞ்சு முடி வளர்ற மாதிரியே இருக்கு, ஏமாந்துட்டோம்னு நெனச்சேன். ஒரு நாள் முகம் கழுவி வெள்ளை டவல்ல துடைக்கறேன், டவல்ல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி. வளரல, செத்த முடி வெளிய தள்ளிட்டு வருது. நகத்தால லேசா தடவினா வலியே இல்லாம கையோட வருது. பாத்ரூம்ல அரை மணி நேரம் நின்னு தடவிக்கிட்டே இருந்தேன், வெளிய யாரோ கதவத் தட்டினாங்க. அந்த சுகத்துக்காகவே இன்னொரு தடவை பண்ணலாம்.

எட்டு சிட்டிங். மோவாய்ல முக்கால்வாசி போச்சு. வலி, ரப்பர் பேண்ட் இழுத்து விட்டா வர்ற மாதிரி, கூடவே கருகின வாசனை. பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்.

இப்ப கெட்ட சேதி. ஆறாவது சிட்டிங் வாக்குல தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கம், முன்னாடி வெறும் பூனைமுடி இருந்த இடத்துல கருப்பா கெட்டியா முளைக்க ஆரம்பிச்சது. நான் ஹார்மோன்னு நெனச்சேன், டாக்டர் பார்த்துட்டு உதட்டப் பிதுக்கினாங்க. அதுக்குப் பேரே இருக்கு, பாரடாக்சிகல் ஹைபர்ட்ரைகோசிஸ். லேசர் அடிச்ச இடத்து ஓரத்துல முடி குறையறதுக்குப் பதிலா கூடுறது. முகமும் கழுத்தும்தான் அதுக்குப் பிடிச்ச இடம், கருப்புத் தோல், ஹார்மோன் பிரச்சினை இருந்தா வாய்ப்பு கூட. அதாவது நான். முதல் நாளே யாராவது சொல்லிருக்கலாம்ல? கையெழுத்து வாங்கின பேப்பர்ல எட்டாவது வரில இருந்திருக்கு, நான் படிக்கல, சரி அது என் தப்பு, ஆனாலும் சொல்லிருக்கலாம்.

இதுக்கு நடுவுல வெள்ளை முடி வேற. முப்பத்தி ரெண்டு வயசுல மோவாய்ல வெள்ளை முடி. அதுல மெலனின் இல்ல, லேசருக்கு அது கண்ணுக்கே தெரியாது, நீ மெஷின நாள் பூரா அடிச்சாலும் அது சிரிச்சிட்டே நிக்கும். மருந்து, மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்கற அமெரிக்க எஃப்டிஏ லேசருக்கு "நிரந்தரமா முடி குறையும்"னு சொல்லிக்கத்தான் விடுது, "நிரந்தரமா நீங்கும்"ங்கறது எலக்ட்ரோலிசிஸுக்கு மட்டும்தான். இந்த ஒரு சொல் வித்தியாசத்துக்குள்ளதான் என் ரெண்டு வருஷம் போச்சு.

எலக்ட்ரோலிசிஸ் அரதப் பழசு. 1875-ல சார்ல்ஸ் மிஷெல்னு ஒரு கண் டாக்டர், கண்ணுக்குள்ள திரும்பி வளர்ற இமை முடிய எடுக்கறதுக்குக் கண்டுபிடிச்சது. முடி வர்ற ஓட்டை வழியாவே மயிரிழை மாதிரி ஒரு ஊசிய உள்ள விட்டு கரண்ட் குடுக்கறது. இதுல மூணு வகை. கால்வானிக்ல நேர் மின்சாரம், வேர்க்கால்ல இருக்கற உப்புத் தண்ணி கரண்ட்ல பிரிஞ்சு காரமா மாறும், சோடியம் ஹைட்ராக்சைடு, அதுதான் வேர அரிச்சுக் கொல்றது. அந்த மின்சுற்று முழுசாகணும்னு உங்க கைல ஒரு உலோகக் குழாயக் குடுத்துப் பிடிச்சுக்க சொல்வாங்க, ஈரத் துணி சுத்தினது. தெர்மோலிசிஸ்னா வேற, அது சூடு, ஒரு நொடி கூட ஆகாது. ப்ளெண்ட்னா ரெண்டும் சேர்ந்தது, எனக்குப் பண்றது அதுதான், வளைஞ்ச முரட்டு முடிக்கு அது சரிப்படும்.

பண்ற அக்கா தங்கமான கை. பெரிய பூதக்கண்ணாடி, நெத்திக்கு மேல லைட்டு, கால்ல பெடல். ஊசி உள்ள போறது தெரியவே தெரியாது. "இப்ப குடுக்கறேன்மா"ன்னு சொல்வாங்க, ஒரு பீப், உள்ளுக்குள்ள ஒரு சூடு ஏறி இறங்கும், அப்புறம் ப்ளக்கரால எடுப்பாங்க. முடி வெண்ணெய்லேர்ந்து உருவின மாதிரி வழுக்கிட்டு வரணும். இழுத்தா வந்துச்சுன்னா அது சாகல, வெறுமனே பிடுங்கினதுதான். இத அவங்களே சொல்லிக் குடுத்தாங்க, இழுத்துச்சுன்னா சொல்லு, திரும்பப் பண்றேன்னு. வெள்ளையோ கருப்போ அதுக்குக் கவலையில்ல. உதட்டுக்கு மேல, மூக்கு ஓட்டைக்குக் கீழ பண்ணும்போது மட்டும் தன்னால கண்ணுல தண்ணி கொட்டும், தும்மல் வேற வரும், ஊசி உள்ள இருக்கும்போது தும்மலாமா. மறுநாள் சின்னச் சின்னப் பொருக்கு, கைய வச்சு உரிச்சா கருப்பா நின்னுடும், சன்ஸ்க்ரீன் விடவே கூடாது.

இவ்ளோ நல்லது சொல்லிட்டு இப்ப ஆத்திரத்துக்கு வர்றேன்.

வளர்க்கணும். எலக்ட்ரோலிசிஸுக்கு முடிய வளர்க்கணும்! ப்ளக்கர் பிடிக்கற நீளம் இருந்தாத்தான் எடுக்க முடியும். எனக்கு அது மூணு நாள், சில முடிக்கு நாலு. மாசத்துக்கு ரெண்டு சிட்டிங், அப்போ மாசத்துல ஆறேழு நாள் நான் தாடியோட இருக்கணும். எத ஒழிக்கறதுக்கு வந்தேனோ அத உரம் போட்டு வளர்த்து கொண்டு போய் காட்டணும். யாரும் ரிவ்யூல இத எழுதறதில்ல, எல்லாரும் வலி வலின்னே எழுதறாங்க. வலி என்ன வலி, பல்லக் கடிச்சா ஒரு மணி நேரத்துல போயிடும். இந்த மூணு நாள் போகாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காருவேன். வீடியோ கால்ல மோவாய கைல ஏந்திக்கிட்டு ஏதோ தீவிரமா யோசிக்கற மாதிரி இருப்பேன், மேனேஜர் ஒரு தடவை "ஏதாவது சொல்ல வர்றீங்களா"ன்னு கேட்டார். துப்பட்டா எப்பவும் கழுத்தச் சுத்தியே. போன மாசம் அக்கா பையன் மடில ஏறி கன்னத்தோட கன்னம் வச்சு "சித்தி, அப்பா மாதிரி குத்துது"ன்னான். அவனுக்கு நாலு வயசு, அவன் மேல தப்பில்ல, நான்தான் பாத்ரூம்ல போய் ரேசர எடுத்து கைல வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். போடல. போட்டிருந்தா அந்த சிட்டிங் வேஸ்ட்.

இன்னொண்ணு, நேரம். லேசர் மோவாய பத்து நிமிஷத்துல முடிக்கும், இங்க ஒவ்வொண்ணா, ஒவ்வொண்ணா. ரெண்டு வருஷமா போறேன், இன்னும் போறேன். அதே வேர்க்கால் ரெண்டு மூணு தடவை கேக்கும், சாகற வரைக்கும்.

எதுக்குப் போனாலும் முதல்ல ஹார்மோன் டெஸ்ட் எடுங்க. உள்ள ஊத்து நிக்காம மேல இறைச்சுக்கிட்டே இருந்தா புதுசு புதுசா பூனைமுடி தடிச்சிட்டேதான் இருக்கும். எனக்கு மாத்திரையும் ஓடுது, அது வேலை செய்யறது கண்ணுக்குத் தெரிய ஆறு மாசம் ஆச்சு. பேஸ்மேக்கர் வச்சவங்க எலக்ட்ரோலிசிஸ் பக்கம் டாக்டர கேக்காம போக வேணாம்.

சரி, அவ கேட்டதுக்குப் பதில். கணக்குப் போட்டா எலக்ட்ரோலிசிஸ்தான். வேரோட போகுது, வெள்ளை போகுது, லேசர் எனக்குக் கழுத்துல குடுத்த சீரையும் அதுதான் ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டிருக்கு. பத்துப் பதினஞ்சு முடிதான் உனக்குன்னா யோசிக்கவே வேணாம், நேரா அங்க போ. ஆனா உனக்கும் எனக்கு மாதிரி தாடை பூரா கருப்பா கெட்டியா இருந்தா, லேசர் பண்ணுடி. கழுத்துப் பக்கம் இறங்க விடாத, என்டி யாக்கான்னு கேளு, ஒரு ஓரத்துல டெஸ்ட் பண்ணிப் பாரு, ஆனா லேசரே பண்ணு. என்னைய ஏமாத்தினது அதுதான், இருந்தாலும் அந்த ஒண்ணரை வருஷம் நான் யாருக்கும் முதுகு காட்டி உக்காரல.

இத அப்படியே அவளுக்கு அனுப்பிட்டேன். "அப்ப லேசரே பண்றேன்டி"ன்னு ஒரு ஹார்ட் போட்டு அனுப்பிட்டா.

அனுப்பினதுக்கப்புறம் போய் பால்கனி வெளிச்சத்துல கைக்கண்ணாடி வச்சு எண்ணிப் பார்த்தேன். பதினேழு. ரெண்டு வருஷம் முன்னாடி எண்ணவே ஆரம்பிக்க முடியாது. திரும்ப எண்ணினேன், பதினேழுதான், அதுல நாலு வெள்ளை. நாளைக்குப் பதினோரு மணிக்கு சிட்டிங்.